நாலு மணிக்கு வருகிற விரல்கள்

அத்தியாயம் 17

போன வாரம் காதம்மாவைச் சாப்பாட்டு மேஜை முன்னால் விட்டுவிட்டு வந்தோம். கையில் பென்சில், எதிரே ஒரு நோட்டுப் புத்தகம், அடுத்த அறையில் கணவர். நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது. மனிதரை எப்படிக் கிளப்பிக்கொண்டு போவது என்பதுதான் பாக்கி.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. காதம்மா என்பது அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையில் நோயாளிகள் வைத்த பெயர். கண்ணாடி ஜன்னல் போட்ட சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்லி, யாருக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று வரைபடம் போட்டுக் கொடுப்பவள். இருபத்தாறு வருடமாக இதே வேலை. கணவர் பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் வாத்தியார். ஒரே மகள் பொடிசு. இருபத்து நாலு வயதாகிறது, இன்னும் பொடிசுதான். அவள் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது.

போனதற்குக் காரணம் ஒரு வரைபடம். இசைக் கல்லூரியில் சேர்வதற்குக் காது சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் கேட்டார்கள். அம்மாவே அந்த வேலையில் இருக்கும்போது வேறு யாரிடம் போவது? காதம்மா மகளைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்தாள். உச்ச ஸ்தாயிச் சத்தங்கள் வரும் இடத்தில் இரண்டு காதுக்கும் கோடு சரிந்துகொண்டு போனது, அதாவது அவை அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. மூன்று முறை பார்த்தாள். மூன்று முறையும் சரிந்தது. எல்லாம் சரி என்று ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அவள் உள்ளதை எழுதினாள். இடம் கிடைக்கவில்லை. “நீ எனக்கு அம்மாவா, ஆபீசா?” என்று கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள், அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு போன் கூடப் போட்டதில்லை.

பெரிய பியானோ படியிறங்கிப் போய் டிஜிட்டல் பியானோ வந்த கதையை ஏழாம் அத்தியாயத்தில் பார்த்தோம். கீழ் வீட்டுக்காரர் ராத்திரி வேலைக்குப் போய்விட்டுப் பகலில் தூங்குகிறவர். பாவம், அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? ஆனால் அன்றிலிருந்து வாத்தியார் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கச்சேரி முழுக்க அவர் காதுக்குள்தான். வெளியே இருப்பவர்களுக்குக் கட்டை அமுங்குகிற டொக் டொக் மட்டும். முப்பது வருடம் வீடு நிறைய வாசித்த மனிதர் அவர். இப்போது எட்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் புருஷன் என்ன வாசிக்கிறார் என்று பெண்டாட்டிக்குத் தெரியாது. அது எப்படிப்பட்ட தனிமை என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். காதம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லவில்லையே தவிர, அந்த டொக் டொக்கை விடாமல் கவனித்தாள். தினமும் மூன்று மணிக்கு வேலை முடிந்து வருவாள். நாலு மணிக்கு வாத்தியார் பியானோ முன் உட்காருவார். கொஞ்ச நேரம் கட்டைகள் அமுங்கும். நின்றுவிடும். பதினாறு எண்ணும்வரை ஒன்றும் இருக்காது. மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். எட்டிப் பார்த்தால் கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். முகத்தில் ஓர் அசட்டுச் சிரிப்பு வேறு.

நாலு வரிக்கு மேல் இவருக்கு ஞாபகம் நிற்கவில்லை என்று காதம்மா முடிவு கட்டினாள். வேறு யாராவது கண்டுபிடித்திருப்பார்களா? சத்தம் எங்கே நிற்கிறது என்பதை வைத்து வியாதியைச் சொல்வதுதானே அவள் தொழில். பத்து நாள் நோட்டில் குறித்துக்கொண்டாள். எந்த நிமிடத்தில் நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, சிரித்தாரா இல்லையா எல்லாம் அதில் இருந்தது.

*

தனக்குத் தலைசுற்றல் என்று பொய் சொல்லித்தான் அன்று காலையில் அவரை அழைத்துக்கொண்டு போனாள். டாக்டர் அறையில் நர்ஸ் வாத்தியாரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள்.

டாக்டர் ஐந்து வார்த்தைகளைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கடிகாரம் ஒன்றை வரையச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் படுத்தியதற்கெல்லாம் வாத்தியார் அன்று சேர்த்துவைத்து அனுபவித்தார். ஆனால் ஒன்றிலும் தப்பவில்லை. கடிகாரத்துக்கு விநாடி முள்ளும் போட்டுக் கொடுத்தார். ஐந்து வார்த்தைகளையும் நேராக ஒரு தடவை, தலைகீழாக ஒரு தடவை ஒப்பித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிக் கண்ணில் விளக்கடித்துப் பார்த்த டாக்டருக்கு அங்கேயும் ஒன்றும் அகப்படவில்லை.

காதம்மா விடுவாளா? நோட்டை எடுத்து நீட்டினாள். டாக்டர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, நடுவில் ஏன் நிறுத்துகிறீர்கள் என்று வாத்தியாரைக் கேட்டார். வாத்தியார் மனைவி பக்கம் திரும்பவில்லை. யோசித்து யோசித்து வாசிப்பதாகவும், வயதானால் அப்படித்தான் என்றும் மேஜையைப் பார்த்துச் சொன்னார். அவர் பொய் சொல்கிறார் என்பது டாக்டருக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரிந்தது. என்ன பொய் என்றுதான் தெரியவில்லை.

“உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் இல்லம்மா. நீங்கதான் ரொம்ப இளைச்சுப் போயிருக்கீங்க. நல்லாச் சாப்பிட்டுத் தூங்குங்க” என்று அனுப்பிவைத்தார் டாக்டர்.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. கோபப்படுவார் என்று நினைத்திருந்தாள். அவர் கோபப்படவில்லை. மூன்று நிறுத்தம் தாண்டியதும், “இத்தனை நாளா நான் வாசிக்கிறதை எண்ணிட்டா இருந்தே?” என்று கேட்டார்.

“வேற என்னங்க கேக்குது எனக்கு?”

வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, பேப்பரைப் பிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கழற்றிய மூக்குக் கண்ணாடி டாக்டர் மேஜையிலேயே தங்கிவிட்டது. இதையும் நோட்டில் எழுதிவிடாதே என்று வாத்தியார் முந்திக்கொண்டார். தான் போய் எடுத்து வருவதாகக் காதம்மா சொன்னாள். கேட்கிற ஆளா அவர்? ஞாபகசக்தி சோதனையில் தேறி வந்த சூட்டோடு, தானே போவதாகச் சட்டையை மாட்டினார். செருப்புப் போடும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, நாலு மணிக்குள் வந்துவிடுவேன் என்றார். கதவருகே போய் இன்னொரு தடவையும் சொன்னார். நாலு மணிக்கு அப்படி என்ன வெட்டி முறிக்கப்போகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

*

நாலு மணிக்கு அவர் வரவில்லை. டாக்டரிடம் காத்திருக்கவைத்துவிட்டார்களோ, பஸ்தான் எங்கேயாவது மாட்டிக்கொண்டதோ. போன் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் கண்ணாடி இல்லாமல் அதில் ஓர் எழுத்தும் தெரியாது அவருக்கு.

காதம்மா துடைக்கிற துணியோடு முன்னறைக்கு வந்தாள். பியானோவின் ஓரத்தில் பச்சை விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. அணைக்காமல் போய்விட்டாரோ? எதை அமுக்குவது என்று தெரியவில்லை. உள்ளே ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா பார்ப்போம் என்று ஹெட்போனை எடுத்து மாட்டினாள். தினமும் நாற்பது பேருக்கு மாட்டிவிடுகிறவள், தன் வீட்டு ஹெட்போனை அன்றுதான் முதல் தடவையாகத் தொட்டாள்.

“அப்பா? வந்தாச்சா?”

காதம்மா அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருடமாகக் கேட்காத குரல், நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி, அவள் காதுக்குள்ளேயே பேசியது.

“என்ன, அம்மா வீட்டுல இருக்கறதால இன்னிக்கும் மைக்கைத் திறக்கலையா? சரி, பேச வேண்டாம், கேளுங்க. அம்மா பக்கத்துலயே வந்து நின்னா வழக்கம்போல ஒரு கட்டையைத் தட்டுங்க, நான் போயிடறேன்.”

காதம்மா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு விரல் தப்பித் தவறிக் கட்டையில் பட்டாலும் மகள் போய்விடுவாள். மூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது.

“இல்லையா? நல்லது. சனிக்கிழமை அரங்கத்துல வாசிக்கப்போறதையே வாசிக்கிறேன். அன்னிக்குக் கேட்டுட்டுத்தான் இசைக் குழுவுல எடுத்துக்கறதா வேண்டாமான்னு சொல்வாங்களாம். சேர்ந்து வாசிக்க வேண்டாம், இன்டர்நெட் லைன் இன்னிக்கும் பின்தங்குது. மாத்தி மாத்தி வாசிப்போம். நான் நாலு வரி, நீங்க நாலு வரி.”

பொடிசு வாசித்தாள். நாலு வரி முடிந்ததும் நிறுத்திக் காத்திருந்தாள். பதில் வராததால், நீங்கள் கேட்டால் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டு அடுத்த நாலு வரியையும் தானே வாசித்தாள்.

காதம்மாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. நோட்டில் அவள் மறதி என்று எழுதிவைத்த ஒவ்வோர் இடைவெளியும் மகள் வாசித்த நேரம். கணவர் சுவரைப் பார்த்துச் சிரித்ததெல்லாம் மகளைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு. அதை அவள் வியாதி என்று டாக்டர் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறாள். அப்பாவும் மகளும் சேர்ந்து தன்னை மட்டும் வெளியே நிறுத்தியிருக்கிறார்கள் என்பது அதைவிட அதிகமாகச் சுட்டது.

வாங்கும்போது கடைக்காரர் சொன்னதை வாத்தியார் அவளுக்கு ஒரு தடவை விளக்கியிருந்தார். எங்கோ இருக்கிற இன்னொரு பியானோவோடு இதை இணைத்தால், கம்பியில் வருவது சத்தம் இல்லை. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்பது மட்டும்தான் வரும். அதை வைத்துச் சத்தத்தை உண்டாக்குவது இந்த வீட்டுப் பியானோ. அப்போது அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே தலையாட்டினாள். இப்போதுதான் புரிந்தது. வாத்தியம் என்றால் ஒரு மூலையில் நிற்கிற சாமான், தட்டினால் தெரு வரைக்கும் கேட்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இது அப்படி இல்லை. பாதி எங்கோ ஒரு பெண்ணின் விரலில் இருந்தது, மீதி இங்கே அவள் காதில் இருந்தது. கட்டைகள் அசையாமல் கிடந்தன. மகளின் விரல்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

ஆனால் இருபத்தாறு வருடப் பழக்கம் சும்மா இருக்குமா? அழுதுகொண்டிருக்கும்போதே காதம்மாவின் காது வேலையைத் தொடங்கிவிட்டது. சத்தம் கம்பளிக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது. கீழ்க் கட்டைகள் தெளிவாக இருந்தன. மேலே போகப் போக மங்கியது. பியானோவோடு இணைத்து அதன் மேல் சாய்த்து வைத்திருந்த டேப்லெட்டின் திரையைப் பார்த்தாள். அதில் ஒரு வரைபடம். இரண்டு கோடுகள் நேராகப் போய், வலது ஓரத்தில் சரிந்து இறங்கின. அவள் போட்ட வரைபடம்தான். கைப்பிசகாக ஒரு புள்ளி சற்றுத் தள்ளி விழுந்திருந்ததுகூட அப்படியே இருந்தது. மேலே, ‘பொடிசுக்குக் கேட்பதுபோல’ என்று வாத்தியார் தலைப்புக் கொடுத்திருந்தார்.

மகளுக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படியே தனக்கும் கேட்கட்டும் என்று மனிதர் பியானோவைத் திருத்தி வைத்திருக்கிறார். மகளுக்குக் கேட்காதது தனக்கும் வேண்டாமாம்.

சரிந்த கோட்டைக் கண்டால் நேராக்கத்தானே காதம்மாவின் கை போகும். யோசிக்கவே இல்லை, விரலை வைத்து அதை அணைத்துவிட்டாள்.

கம்பளி விலகியது. மகளின் வாசிப்பு முழுசாக வந்தது. நடுக் கட்டைகளில் எவ்வளவு அழகு! வாத்தியாரைவிட நன்றாக வாசிக்கிறாள் என்று பெருமையாக இருந்தது. பிறகு பாட்டு மேலே ஏறியது. உச்சக் கட்டைகள் சுத்தியல் மாதிரி விழுந்தன. கேட்காத இடத்தில் கேட்கவேண்டும் என்று பொடிசு அழுத்தி அழுத்தி அடிக்கிறாள். அவளுக்கு அது சரியாகக் கேட்கும். வாத்தியாருக்கும் சரியாகக் கேட்டிருக்கும். சனிக்கிழமை அரங்கத்தில் உட்காருகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

பாட்டு முடிந்தது.

“இப்பவாவது மைக்கைத் திறங்கப்பா. எப்படி இருந்துச்சுன்னு மெதுவா ஒரு வார்த்தை சொல்லுங்க.”

மைக் விசை ஹெட்போன் கம்பியிலேயே இருந்தது. காதம்மா அதைத் தள்ளினாள்.

“அப்பா இல்ல. நான்.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.  பச்சை விளக்கு அணையவில்லை.

“எவ்வளவு நேரமா இருக்கீங்க?”

நீ, வா, போ என்று பேசிய பிள்ளை. இப்போது ‘இருக்கீங்க’ என்கிறாள். முதலிலிருந்தே என்றாள். கட்டையைத் தட்டியிருக்கலாமே என்று மகள் கேட்டாள்.

“தட்டினா நீ போயிடுவே.”

அப்பாவுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று பொடிசு பதறினாள். ஒன்றும் இல்லை, கண்ணாடியை மறந்துவிட்டு எடுக்கப் போயிருக்கிறார் என்று காதம்மா சொன்னாள். சரி என்றவள் கொஞ்சம் பொறுத்து, “கேட்டீங்கல்ல, எப்படி இருந்துச்சு? நீங்கதான் உள்ளதைச் சொல்றவங்களாச்சே” என்றாள்.

ரொம்ப நன்றாக இருந்தது கண்ணு என்று சொல்லிவிட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாலும் வந்துவிடுவாள். காதம்மாவுக்கு அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. போன தடவை உண்மையைச் சொன்னதற்கு இரண்டு வருடம் கொடுத்திருக்கிறாள். இந்தத் தடவை எத்தனை வருடமோ? ஆனால் பொய் சொன்னால், சனிக்கிழமை அத்தனை பேர் முன்னால் பிள்ளை தலைகுனிந்து நிற்பாள்.

“நடுவுல எல்லாம் அவ்வளவு அழகா இருக்கு. மேல போகப் போக அடிக்கிறே. கடைசி எட்டுப் பத்துக் கட்டை காதுல குத்துது.”

“அப்பா ஒரு நாளும் சொல்லலையே.”

“அப்பாவுக்குக் கேக்காது.” வரைபடத்தைப் பற்றிச் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாதோ என்று பாதியில் தோன்றியது. தொடங்கிவிட்டாள், முடித்தாள்.



“அப்போ இந்த ஒரு வருஷமா நான் வாசிச்சதை யாருமே கேக்கலையா?”

காதம்மாவுக்கு தான் தினமும் எட்டடி தள்ளி உட்கார்ந்திருந்தது மட்டும் ஞாபகம் வந்தது. அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது?

திடீரென்று உச்சக் கட்டை ஒன்று ஒலித்தது.

“இப்போ?”

“இன்னும் குறை.”

மறுபடி ஒலித்தது. “இப்போ?”

“இன்னும் கொஞ்சம்.”

மூன்றாவது தடவை அது பூப்போல வந்து விழுந்தது. காதம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இதுதான், இதேதான் என்றாள்.

“எனக்கு ஒண்ணுமே கேக்கலம்மா.” பொடிசு அழுதுகொண்டிருந்தாள்.

“எனக்குக் கேக்குது.”

மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு பொடிசு நிதானமாகப் பேசினாள். “நாளைக்கு நாலு மணிக்கு நீ உக்காரு. சனிக்கிழமை வரைக்கும் நீதான். அப்பா வேணாம். அவர் எனக்காகச் செவிடாவே இருந்துடுவார்.”

பச்சை விளக்கு அணைந்தது.

கதவு திறந்தது அப்போதுதான். வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படியேறி வந்த இரைப்போடு நின்றார். ஹெட்போனும் கையுமாக உட்கார்ந்திருந்த மனைவியையும் திரையில் காணாமல் போயிருந்த வரைபடத்தையும் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்தது. மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்கக்கூடத் தோன்றாமல் ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பேசினாளா? உன்கிட்டப் பேசினாளா?”

பேசினாள் என்று காதம்மா தலையாட்டினாள். வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்ததாகவும், அம்மாவிடம் சொல்லட்டுமா என்று வாரா வாரம் கேட்டதாகவும், இனிமேல் ஒருவருக்கும் ஒளிக்க வேண்டியதில்லை என்றும் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனார். இன்னொரு ஹெட்போன் வாங்கிவிடலாம், மூன்று பேருமாகவே உட்காரலாம் என்றார்.

“நாளைக்கு என்னை உக்காரச் சொன்னா.”

“உக்காரேன், அதுக்கென்ன?”

“என்னை மட்டும்.”

வாத்தியார் சிரித்தபடியேதான் இருந்தார். அந்தச் சிரிப்பு போவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கழுத்தைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார், பியானோவைப் பார்த்தார்.

“அப்போ நான்?” என்று கேட்டார்.